விஞ்ஞானி கடை

என் அண்ணனுக்கு அந்தத் தெருவில் விஞ்ஞானி என்று பெயர். வைத்தவர் எதிர்க்கடை சைக்கிள்காரர். ஒரு நாள் காலையில் அண்ணன், சட்டை வடிவத்தில் தைத்த பெரிய பஞ்சு உடுப்புக்குள் புகுந்துகொண்டு, இரண்டு கைகளையும் ஆட்டியபடி சிக்னலில் நின்று எங்கள் சலவைக்கடைக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். வியர்வையில் நனைந்து அவன் திரும்பி வந்தபோது சைக்கிள்காரர், "வாய்யா விஞ்ஞானி, நாளைக்கு என்ன, பேன்ட்டா?" என்று கேட்டார். பெயர் ஒட்டிக்கொண்டது. அண்ணனுக்கு அதில் துளியும் கோபமில்லை. கடை போர்டிலேயே அந்தப் பெயரைப் போட்டால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டான். அண்ணிதான் கையெடுத்துக் கும்பிட்டுத் தடுத்தாள்.

நான் அவனுக்கு ஒரே தங்கை. காலையில் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை, மதியத்துக்கு மேல் அண்ணன் கடையில் கல்லா. இரண்டு இடத்திலும் மற்றவர்கள் செய்கிற குளறுபடிக்கு நான்தான் பதில் சொல்வேன். அதனால் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அண்ணனைப் பற்றிச் சொல்லும்போது அந்த வாய் இன்னும் நீளும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணனும் அண்ணியும் சந்தித்துக்கொண்டது ஒரு பெரிய ஓட்டலின் தரைக்குக் கீழே இருந்த சலவைப் பகுதியில். அவன் அங்கே இயந்திரம் ஓட்டினான். அவள் கறை எடுக்கிற மேசையில் இருந்தாள். மேசை விரிப்பில் கொட்டியிருந்த ஏதோ சிவப்புச் சாற்றை அவள் பஞ்சும் குளிர்ந்த தண்ணீரும் மட்டும் வைத்து, அவசரமே இல்லாமல் எடுத்து முடித்ததை நின்று பார்த்தானாம். அன்றைக்கே முடிவு செய்துவிட்டானாம். "நீ காதலிச்சது அண்ணிய இல்ல, அந்தக் கறைய" என்று நான் கேலி செய்வேன். "ரெண்டும் ஒண்ணுதான்" என்று சிரிப்பான். கல்யாணம் ஆன கையோடு கடை போட்டார்கள்.

கடை என்றால் ஒரு நீளமான அறை. தெருப் பக்கம் கல்லா, அதற்குப் பின்னால் இரண்டு சலவை இயந்திரங்கள், அதற்கும் பின்னால் இஸ்திரிக்காரரின் பலகை, கடைசியில் ஜன்னலோரம் அண்ணியின் மேசை. கறைத் துணி யார் கொண்டுவந்தாலும் அண்ணியே எழுந்து கல்லாவுக்கு வருவாள். துணியை விரித்து, "என்ன கொட்டுச்சு?" என்று கேட்பாள். அது தெரிந்தால்தான் எதை வைத்து எடுப்பது என்று முடிவு செய்ய முடியும். மக்கள் லேசில் உண்மை சொல்ல மாட்டார்கள். ரத்தத்தைச் சாயம் என்பார்கள், மருந்தைக் குழம்பு என்பார்கள். அண்ணி வாதாட மாட்டாள், சும்மா பார்த்துக்கொண்டே நிற்பாள். கொஞ்ச நேரத்தில் உண்மை தானாக வந்துவிடும். எடுக்க வேண்டிய கறையைச் சுற்றி வெள்ளை நூலில் நாலு தையல் போடுவாள். தொடவே கூடாத இடத்தில் சிவப்பு நூல். நைந்துபோன இடம், சாயம் நிற்காத பூவேலை, இப்படி. அந்த நூலைப் பார்த்தால் கடையில் யாருக்கும் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

இது ஒன்றே போதுமாக இருந்தது. பக்கத்துப் பேட்டைகளிலிருந்தெல்லாம் துணி வந்தது. மற்ற சலவைக்கடைக்காரர்களே தங்களால் முடியாததை எங்களிடம் அனுப்பினார்கள்.

அண்ணனுக்குத்தான் போதவில்லை. ஆசைப்பட்டான் என்று சொல்ல மாட்டேன், அவன் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அவனுக்கு யோசனை வரும், அவ்வளவுதான். குளிக்கும்போது வரும், சாப்பிடும்போது வரும், அடுத்தவர் பேசிக்கொண்டிருக்கும்போது நிச்சயம் வரும். வீடு வீடாகப் போய்த் துணி எடுத்துவரும் வண்டி, பத்து முறை வந்தால் ஒரு முறை இலவசம் என்கிற அட்டை, ஷூ கழுவுதல், ஜன்னல் திரை வாடகை, கோட்டு சூட்டு வாடகை, கடை வாசலில் ஒலிபெருக்கியில் அவனே பாடிய விளம்பரப் பாட்டு. பாட்டை இஸ்திரிக்காரர் இரண்டே நாளில் நிறுத்தினார். "இது ஓடுச்சுன்னா என் கை நடுங்குது முதலாளி, காலரைக் கருக்கிடுவேன்" என்றார்.

இதில் கொடுமை என்னவென்றால், அவன் யோசனைகள் எதுவும் மோசமில்லை. மோசமாக இருந்திருந்தால் அண்ணி சுலபமாக மறுத்திருப்பாள். ஒவ்வொன்றும் நல்ல யோசனை. ஒவ்வொன்றும் வேர் பிடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். வண்டிக்கு ஆள் பழகுவதற்குள் அவன் ஷூவுக்குப் போயிருப்பான். ஷூவுக்கு பிரஷ் வந்து இறங்கும்போது அவன் திரை அளந்துகொண்டிருப்பான். கடை வாசலில் போர்டுக்கு மேல் போர்டாக ஏறி, நாங்கள் என்ன கடை என்று எங்களுக்கே படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அண்ணனுக்கும் அண்ணிக்கும் குழந்தை இல்லை. அதனால்தான் இவன் இப்படி ஒன்றன் பின் ஒன்றாகப் பெற்றுப் போடுகிறான் என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். அந்தப் பேச்சு அண்ணி காதிலும் விழுந்தது.

ஆரம்பித்து வைப்பது அவன் வேலை. கல்லாவில் நின்று வாங்கிக் கட்டிக்கொள்வது அண்ணி வேலை. ஒரு தடவை, 'சொன்ன நேரத்தில் வீடு தேடி வரும்' என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்துவிட்டு, வண்டியை அவனே கழுவுவதற்கு ஷூ சேகரிக்க எடுத்துக்கொண்டு போய்விட்டான். மணப்பெண் ஒருத்தியின் உடை எங்கள் கடையிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் அத்தை வந்து அண்ணியை நிற்க வைத்துக் கேட்ட கேள்விகளை நான் எழுதப்போவதில்லை. அன்று கடையைச் சாத்தின பிறகு அண்ணி சொன்னாள்:

"இங்க வர்றவங்க என் வார்த்தைய நம்பித்தான் துணியக் குடுக்கறாங்க. இன்னொரு தடவை என் வார்த்தை பொய்யாச்சுன்னா நான் இங்க இருக்க மாட்டேங்க. மிரட்டறேன்னு நினைக்காதீங்க. என்னால முடியாதுன்னு சொல்றேன்."

அண்ணன் பயந்துபோனான். என்ன வேண்டுமானாலும் செய்கிறேன் என்றான்.

"பெருசா ஒண்ணும் வேணாம். இந்த வருஷம் ஒண்ணே ஒண்ணு. எதை வேணும்னாலும் நீங்களே எடுத்துக்குங்க, நானும் உங்க கூட நிக்கறேன். ஆனா அதை முழுசா செய்யணும். அது முடியற வரைக்கும் இன்னொண்ணைப் பேசக் கூடாது."

"அந்த ஒண்ணுக்குள்ள ஒரு ஆறு வகை இருக்கலாமா?" என்று கேட்டான் என் அண்ணன். நான் சிரித்துவிட்டேன். அண்ணி சிரிக்கவில்லை.

அவன் எடுத்துக்கொண்டது போன் விஷயம். ஒவ்வொரு துணியையும் போனில் ஒரு படம் எடுத்து, பக்கத்தில் குறிப்பு ஏற்றிவிட வேண்டும். கடையில் இருக்கிற எல்லோரும் அவரவர் போனில் பார்த்துக்கொள்ளலாம். இனி நூல் தையல் கிடையாது. நூல் பழைய பாணி, படம் எடுத்தால் அசிங்கமாகத் தெரிகிறது என்றான். அண்ணிக்கு மனசில்லை. ஆனாலும் கூட நிற்பதாகச் சொன்னவள் நின்றாள். நூல் டப்பாவை மேசைக்குள் வைத்துப் பூட்டினாள். போனில் தட்டச்சு செய்வது அவளுக்குப் பெரும்பாடு. ஒற்றை விரலால், உதட்டைக் கடித்துக்கொண்டு, ஒரு வரிக்கு ஒரு டீ ஆறிவிடும். ஆனால் ஒரு துணியைக்கூட விடாமல் ஏற்றினாள். அப்படி ஒரு சிரத்தையை அண்ணனுடைய எந்த யோசனைக்கும் அண்ணனேகூடக் காட்டியதில்லை.

கொஞ்ச நாள் நன்றாகத்தான் போனது. அதற்குள் அவனுக்கு அடுத்தது வந்துவிட்டது. 'ஒரு சின்னக் கறை மிச்சம் இருந்தாலும் சலவை இலவசம்.' அண்ணியிடம் இதைப் புது யோசனை என்று சொல்லவில்லை, வெறும் விளம்பர வாசகம்தான் என்றான். நோட்டீஸ் போனது, கூட்டம் வந்தது. பேனா கசிந்த பாக்கெட்டுகள் மூட்டை மூட்டையாக வந்தன. அண்ணன், துணி கடையை விட்டுப் போகும் முன் ஒவ்வொன்றையும் பெரிய விளக்கின் கீழ் விரித்துப் பார்ப்பதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டான். விளக்கு வந்ததும் போனை மறந்துவிட்டான்.

"போன்ல போடறதையெல்லாம் பாக்கறீங்க இல்ல?" என்று அண்ணி ஒரு நாள் கேட்டாள்.

"பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றான். பொய் சொல்கிறோம் என்று அவனுக்கே தெரிந்திருக்காது. நாளைக்குப் பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பான். அவன் நினைப்பில் நாளைக்குச் செய்யப்போவதெல்லாம் செய்து முடித்த கணக்கு.

அந்த நேரத்தில்தான் பஸ் டிரைவர் வந்தார். வாட்டசாட்டமான ஆள், கல்லாவே அவருக்கு இடுப்பளவுதான் இருந்தது. கையில் ஒரு முழுக்கைச் சட்டை, பழசு. அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கறை. அண்ணி வந்து விரித்தாள்.

"என்ன கொட்டுச்சு?"

"கிரீஸும்மா. பீரோவுல வச்சிருந்தேன். பீரோ கீலுக்கு நானே கிரீஸ் போட்டேன், சட்டை மேல விழுந்தது தெரியல."

அண்ணி சட்டையைத் திருப்பினாள். இடது மணிக்கட்டுப் பட்டியில் நீலப் பேனாவால் ஒரு கைக்கடிகாரம் வரைந்திருந்தது. வட்டம் போட்டு, ஒன்றிலிருந்து எண்களை எழுதிக்கொண்டே வந்து, கடைசி மூன்று எண்களுக்கு இடம் போதாமல் அவை வட்டத்துக்கு வெளியே நின்றன. கடிகாரத்துக்கு வார் கூட உண்டு, துளைகளோடு.

"இது?"

"அது என் பொண்ணு வரைஞ்சது. நான் எப்பவும் வீட்டுக்கு லேட்டா வருவேன். தூங்கிட்டிருந்தப்ப கைய இழுத்து வச்சு வரைஞ்சுட்டா. அது இருக்கட்டும்மா. கிரீஸ் மட்டும் போதும்."

"பொண்ணு என்ன படிக்கறா சார்?"

"படிச்சுக்கிட்டிருந்தா" என்றார் அவர்.

அண்ணி கையைச் சட்டையின் மேல் அப்படியே வைத்திருந்தாள். பிறகு, "நான் பாத்துக்கறேன் சார். அந்த இடத்துல தண்ணிகூட படாது" என்றாள். அவர் தலையாட்டிவிட்டு, இரண்டு கடை தாண்டிப் போய்த் திரும்பி வந்து, "இடது கைம்மா" என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுப் போனார்.

அவர் போனதும் அண்ணி நூல் டப்பா இருந்த இழுப்பறைப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். நான் பார்த்தேன். பிறகு கையை எடுத்துக்கொண்டு போனை எடுத்தாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். ஒரு துணிக்கு ஒரு படம் என்பது அண்ணன் போட்ட விதி, அதனால் முதுகுக் கறையைப் படம் எடுத்தாள். கீழே ஒற்றை விரலால் எழுதினாள்: 'இடது கையில் பேனாவில் ஒரு படம் இருக்கு. தொடாதீங்க.'

கிரீஸை எடுக்க அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது. சட்டையின் இடது கையைப் பிளாஸ்டிக் தாளில் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டுவிட்டு, முதுகை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். மூன்றாம் நாள் தாளைக் கழற்றி, சட்டையை ஹேங்கரில் மாட்டிக் காய விட்டுவிட்டுப் பல் டாக்டரிடம் போனாள்.

அன்று மதியம் நான் கல்லாவில் இருந்தேன். அண்ணன் விளக்கின் கீழ் ஒரு சட்டையோடு உட்கார்ந்திருந்தான். ஸ்பிரிட் வாசனை வந்தது. அவன் உட்கார்ந்திருந்த விதம் எனக்கே ஆச்சரியம். போன் வந்தது, எடுக்கவில்லை. டீ வந்தது, குடிக்கவில்லை. இஸ்திரிக்காரர் ஏதோ கேட்டதற்குத் தலை நிமிரவில்லை. பட்டிக்கு அடியில் வெள்ளைத் துண்டை வைத்து, மேலிருந்து பஞ்சால் ஒற்றி, துண்டை நகர்த்தி, மறுபடி ஒற்றி, அண்ணி செய்வாளே அதே மாதிரி, அவசரமே இல்லாமல் செய்துகொண்டிருந்தான். இத்தனை வருஷத்தில் அவன் ஒரு வேலையை ஆரம்பத்திலிருந்து முடிவு வரை எழுந்திருக்காமல் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

முடித்ததும் கூப்பிட்டான். "இங்க பாரேன். பேனாக் கிறுக்கல். உங்க அண்ணி கண்ணுக்கே தப்பிச்சிருக்கு. இருந்த இடம் தெரியுதா, சொல்லு?"

தெரியவில்லை. அவ்வளவு சுத்தமாக எடுத்திருந்தான். அது யார் சட்டை என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

அண்ணி வந்தபோது ஊசி போட்டதில் ஒரு பக்கம் வாய் மரத்திருந்தது. சிரித்துக்கொண்டே வந்தாள், பாதி முகம்தான் சிரித்தது. அண்ணன் சட்டையை எடுத்துக்கொண்டு எதிரே போனான், பரிசு வாங்கிவந்த பிள்ளை மாதிரி. அவள் பட்டியைப் பார்த்தாள். திருப்பி வலது கையைப் பார்த்தாள். மறுபடி இடது கை. ஏதோ சொன்னாள், மரத்த வாயில் சொல் வரவில்லை. போனை எடுத்து அந்தக் குறிப்பைத் திறந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். யாராவது படித்திருந்தால் பக்கத்தில் ஒரு டிக் விழும். விழவில்லை. அந்த வாரம் முழுக்க எந்தக் குறிப்புக்கும் டிக் விழவில்லை என்று அண்ணி ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

மறுநாள் டிரைவர் வந்தார். நான் சொல்கிறேன் என்றேன், அண்ணி விடவில்லை. அவர் சட்டையைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிட்டாள். "சார், தப்பு நடந்துபோச்சு. கையில இருந்தது போயிடுச்சு. எங்க தப்புதான்."

அவர் புரியாத மாதிரி சிரித்தார். சட்டையைப் பிரித்தார். இடது பட்டியை விரலால் நீவினார். வெளிச்சத்தில் பிடித்தார். அந்தப் பெரிய கட்டைவிரல் அந்த இடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தது. அண்ணன் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து வந்து அவர் எதிரே நின்றான். "நான்தான்" என்றான். அவர் அவனைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம், அடித்திருக்கலாம், எங்களுக்குக் கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும்.

"எதுல துடைச்சீங்க?" என்று கேட்டார்.

"சார்?"

"மை எதுலயாவது இறங்கியிருக்கும் இல்ல? அந்தத் துணி இருக்கா?"

அண்ணி உள்ளே ஓடினாள். துண்டுகள் போடுகிற வாளியைக் கவிழ்த்தாள். அண்ணனுடைய 'சலவை இலவசம்' அழைத்துவந்த பேனாப் பாக்கெட்டுகள் எத்தனையோ, அத்தனை நீலத் துண்டுகள். எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்து கல்லாவில் வைத்தாள்.

"இதுல எதும்மா?"

எங்கள் அண்ணி, கறையைப் பார்த்தே அது எந்த வீட்டுச் சமையல் என்று சொல்லக்கூடியவள், ஒவ்வொரு துண்டாக விரித்துப் பார்த்தாள். "தெரியல சார்" என்றாள். அவருக்கு ஆறுதலாக ஏதாவது ஒன்றை எடுத்து இதுதான் என்று சொல்லியிருக்கலாம். அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது. அவர் எல்லாத் துண்டுகளையும் மடித்தார். பை கேட்டார், கொடுத்தேன். துண்டுகளைப் பையில் வைத்து, அதன் மேல் சட்டையை வைத்து எடுத்துக்கொண்டு போனார்.

நான் இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அண்ணி அழுதாள், அண்ணன் அழுதான், அன்று இரவு வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலை அண்ணி வந்து மேசையைத் துடைத்தாள், பஞ்சு வெட்டிவைத்தாள். அவள் வார்த்தை பொய்யாகிவிட்டது, ஆனாலும் அவள் போகவில்லை. போக மாட்டாள் என்று நானும் நம்பினேன். பள்ளிக்கூடத்தில் விடுமுறை சொல்லிவிட்டு அன்று முழுக்க அவளோடு இருக்கலாம் என்று வந்திருந்தேன். அதனால்தான் நடந்ததை என் கண்ணாலேயே பார்க்க நேர்ந்தது.

அண்ணன் வந்தான். கண் இரண்டும் வீங்கியிருந்தது. அண்ணியின் மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"ராத்திரி பூரா தூங்கல. அந்த மனுஷன் முகமே கண்ணுல நிக்குது. இப்படி இன்னொருத்தருக்கு நடக்கவே கூடாது" என்றான். அண்ணி தலையாட்டினாள். "அதுக்கு ஒண்ணு யோசிச்சேன். ஞாபகத் துணிகளுக்குன்னே தனியா ஒரு பிரிவு ஆரம்பிக்கலாம். இறந்தவங்க துணி, குழந்தைங்க துணி, இப்படி. தனி மேசை, தனி போர்டு. ஊர்ல எவன்கிட்டயும் இது கிடையாது. அந்தப் பொண்ணு பேரையே வைக்கலாம்."

இதைச் சொல்லும்போது அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. சத்தியமாக மனசாரத்தான் சொன்னான். அதுதான் அவனுடைய அழுகை. வேறு மாதிரி அழ அவனுக்குத் தெரியாது.

அண்ணி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பொண்ணு பேரு என்னங்க?"

அவனுக்குத் தெரியாது.

"அவ பேரு வைக்கணும்னு தோணிருக்கு. பேரைக் கேக்கணும்னு தோணல, இல்ல?"

கோபமாகச் சொல்லவில்லை. ரொம்பக் களைத்துப்போன குரல். மேல் அங்கியைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். கைப்பையை எடுத்துக்கொண்டாள். என்னிடம் வந்து, "பாக்கி துணியெல்லாம் யார் யாருதுன்னு உனக்குத் தெரியும். பாத்துக் குடுத்துடு" என்றாள். அவளுடைய அக்கா வீட்டுக்குப் போனாள். நான் பின்னாலேயே தெருமுனை வரை ஓடினேன். "அண்ணி, அவனுக்கு உங்கள விட்டா யாரு?" என்றேன். "எனக்கு மட்டும் யாரு?" என்றாள்.

பல நாள் கடை திறக்கவில்லை. பிறகு ஒரு காலையில் அண்ணன் ஏணியைப் போட்டு ஏறிப் போர்டுகளை ஒவ்வொன்றாக இறக்க ஆரம்பித்தான். சைக்கிள்காரர் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார், கேலி எதுவும் பேசவில்லை. ஷூ போனது, திரை போனது, கோட்டு சூட்டு போனது, வண்டியை விற்றான். 'கறை எடுக்கப்படும்' என்று ஒரே ஒரு போர்டு மிச்சம். அண்ணியின் மேசையில் அவனே உட்கார்ந்தான். இழுப்பறையைத் திறந்து நூலை எடுத்தான். ஆரம்பத்தில் இரண்டு சட்டைகளைப் பாழாக்கினான், சட்டைக்காரர்கள் வீட்டுக்கே போய்த் தலைகுனிந்து நின்றான். மெல்ல மெல்லக் கை வந்தது. யோசனை வருவது நின்றுவிட்டது என்று நினைக்காதீர்கள். அவன் முகத்தில் அது வருவது எனக்குத் தெரியும். வாயைத் திறப்பான், மூடிக்கொள்வான், பஞ்சை எடுப்பான். ஒரு வருஷத்துக்கு மேல் ஒரே வேலை. போன கூட்டம் திரும்ப வந்தது, முன்பைவிட அதிகமாகவே வந்தது.

அதற்குப் பிறகுதான் அண்ணியைப் பார்க்கப் போகலாமா என்று கேட்டான். நானும் கூடப் போனேன். அண்ணி ஒரு ஆஸ்பத்திரியில் துணிப் பிரிவில் வேலை செய்துகொண்டிருந்தாள். இளைத்திருந்தாள், ஆனால் முகம் தெளிவாக இருந்தது. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணன் மொத்தத்தையும் சொன்னான். போர்டு இறக்கியது, ஒரே வேலை, திரும்ப வந்த ஆட்கள். பள்ளிக்கூடப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி சொன்னான். அண்ணி கவனமாகக் கேட்டாள்.

"கேள்விப்பட்டேன். ரொம்ப நல்லா பண்றீங்களாம். சந்தோஷமா இருந்துச்சு."

"நீ கேட்டது அதானே? செஞ்சுட்டேன். வந்துடு."

அண்ணி தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி சோப்பில் விரல்கள் வெடித்திருந்தன.

"நான் பக்கத்துல இருந்து சொன்னப்ப எல்லாம் உங்க காதுல விழல. நான் இல்லாம போனதுதான் விழுந்துச்சு. நான் திரும்பி வந்தா, மறுபடியும் விழாதுங்க."

அண்ணன் இல்லை என்று சொல்வான் என்று பார்த்தேன். அவன் சொல்லவில்லை. அவளிடம் இனிப் பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தானோ என்னவோ. அண்ணி எழுந்தாள், என் கன்னத்தைத் தொட்டாள், உள்ளே போனாள். நான் எப்போதும் அண்ணி பக்கம்தான். இப்போதும் அவள் செய்தது சரி என்றுதான் சொல்வேன். ஆனால் அந்த பெஞ்சில் அவன் உட்கார்ந்திருந்ததைப் பார்த்துவிட்டு, கிளம்பலாம் என்று கூப்பிடாமல் நானும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். கூடப் பிறந்தவள் இல்லையா.

போன வாரம் ஒரு அம்மாள், மகள் கல்யாணத்துக்குக் கட்டிய புடவையை வாங்கிப்போக வந்தார். எண்ணெய்க் கறை. இரண்டு கடை கைவிரித்த புடவை. அண்ணன் அதோடு நாள்கணக்கில் போராடியிருந்தான். அவர் விரித்துப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் எடுத்துப் போய்ப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து அவன் கையையே பிடித்துக்கொண்டார்.

"இது எப்படிப்பா எடுத்தீங்க? யாரு எடுத்தது?"

"எங்க வீட்ல" என்றான் அண்ணன்.

"கூப்பிடுங்களேன், ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

"உள்ள வேலையா இருக்காங்கம்மா. நான் சொல்லிடறேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டு ரசீது எழுதினேன்.